கறுப்புக் கல்லுக்கு ஜெகதீசன் ஜவாப்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் எந்த வீட்டுச் சமையல் மேடையாக இருந்தாலும் சரி, என் கண்ணைக் கட்டிவிட்டு அந்தக் கல்லில் நாக்கு நுனியை மட்டும் வைக்கவிட்டால் போதும். அது எந்த மாவட்டத்து மலையில் பிறந்தது, வெயில் எந்தப் பக்கம் பட்டது, நேற்று அந்த வீட்டில் சாம்பாரா வத்தக்குழம்பா, எல்லாம் சொல்லிவிடுவேன்.

சரி, கொஞ்சம் கூடுதலாகத்தான் சொல்லிவிட்டேன். மாவட்டமெல்லாம் சொல்ல முடியாது. வத்தக்குழம்பு மட்டும் நிஜம்.

முப்பத்திரண்டு வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தினேன். அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகத்துக் கல். கல்லை நிஜமாகத் தெரிந்தவன் ஒருத்தன் உண்டு. அவனுக்கு நாக்கு வேண்டாம், ஒரு வெள்ளைத் துணி போதும். பெயர் ஜெகதீசன். அந்தத் துணியை அவன் இடுப்பிலிருந்து எடுத்துவிட்டு, உபயோகிக்காமல் திரும்பச் செருகிக்கொண்டது வாழ்க்கையிலேயே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவை அவனுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெகதீசனுக்கு வயது நாற்பத்தாறு. நெமிலிச்சேரி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு. எங்கள் பழைய வாடகை வீட்டில் மேடை போட வந்தபோது பழக்கம். அப்பா பெயர் சின்னப்பையன், செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் அடுத்தவருக்காக நட்டு, அடுத்தவருக்காக அறுத்தவர். நிலத்தை விற்றவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். அதில் வேலை செய்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஒரு தை மாசம் சின்னப்பையன் அரிவாளோடு போய் நின்றபோது, வரப்பு இருந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு கிடந்ததாம். மனை எண் பதினேழு. அரிவாளை வைத்துக்கொண்டு மனை எண் பதினேழை என்ன செய்வது? வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

மகன் அந்த வருஷமே பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கிரானைட் யார்டில் பலகை தூக்கப் போனான். "நெல்லு மூட்டை தூக்க வெச்சிருந்த தோளு. கல்லு தூக்குனா இன்னா கெட்டுப்பூடுது?" என்பான். தூக்கினான், பிறகு அறுத்தான், பிறகு மெருகு போட்டான், பிறகு வீடு வீடாகப் போய்ப் பொருத்தினான். இடது கை மோதிர விரலில் நுனி கிடையாது. செம்பரம்பாக்கம் ஏரி முதலை கடித்துவிட்டது என்று எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளிடம் நான் சொல்லி வைத்திருந்தேன். முதலைக்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தேன். அவன் வந்த அன்றே எல்லாவற்றையும் கெடுத்தான். "முதலைலாம் இல்ல பாப்பா, கட்டர் மிஷினு. என் கவனக்கொறவு" என்றான். பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அவன் அப்படித்தான். வாயில் பொய் தங்காது. கல்லிலும் பொய்யைத் தங்க விடமாட்டான்.

கறுப்புக் கல் என்று சந்தைக்கு வருவதில் சிலது, கல்யாணத்தன்றைக்கு மட்டும் மீசைக்கு மை பூசிய மாப்பிள்ளை மாதிரி. விலை போகாத சாம்பல் நிறக் கிரானைட்டை எடுத்துச் சாயத்தில் ஊறவைத்து, மேலே மெருகு போட்டுக் கறுப்பு என்று நிறுத்திவிடுவார்கள். பார்த்தால் தெரியாது. தண்ணீர் அடித்து நனைத்து வைத்திருந்தால் சுத்தமாகத் தெரியாது. ஜெகதீசன் யார்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக இடுப்பிலிருந்து பழைய வெள்ளைப் பனியன் துணியை எடுப்பான். பெயிண்டுக்குக் கலக்கும் தின்னரில் ஒரு முனையை நனைத்து, பலகையை உலர்த்திவிட்டு அழுத்தித் துடைப்பான். துணி வெள்ளையாகவே இருந்தால் பலகை வண்டியில் ஏறும். கறுத்தால் ஏறாது. நெடுஞ்சாலை ஓரத்துக் கடைக்காரர்கள் அவனைத் 'தொடைக்கிற ஜெகதீசன்' என்றே கூப்பிட்டார்கள். சிலர் மரியாதையாக, சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு.

நாங்கள் இருப்பது சென்னீர்குப்பத்தில், பதினெட்டு வீடுகள் கொண்ட அடுக்ககம். எல்லோரும் மதுரை, சேலம், கும்பகோணம் என்று எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்கள். என் மகன் குடும்பத்தோடு நானும். கட்டிக் கொடுத்தவர் எல்லாச் சமையலறையிலும் வெள்ளைப் பளிங்கு போட்டிருந்தார். பளிங்கில் மஞ்சள் தூள் பட்டால் என்ன ஆகும், எலுமிச்சைச் சாறு பட்டால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணையும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. மூன்றே வருஷத்தில் பதினெட்டு மேடைகளும் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டன. சங்கச் செயலாளர் தட்சிணாமூர்த்தி கணினிக் கம்பெனியில் மேலாளர், வீட்டுக் கழிவறைக் குழாய்க்கும் அறிக்கை எழுதுகிறவர். அவர் கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம் போட்டார். பதினெட்டு வீட்டுக்கும் ஒரே கல், ஒரே ஆள், ஒரே மாதத்தில்.

ஜெகதீசனைச் சொன்னது நான்தான். அதில் பொய் இல்லை.

கூட்டத்தில் இரண்டாம் மாடி நிவேதிதா கேட்டாள். வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிற பெண், எதைக் கேட்பதற்கும் முன்னால் இணையத்தில் படித்துவிட்டு வருவாள். "அங்கிள், குவார்ட்ஸ் நல்லதா, கிரானைட் நல்லதா?"

ஜெகதீசன் சிரித்தான். "இட்லி நல்லதா உளுந்து நல்லதான்னு கேக்கறீங்கம்மா."

"அப்படின்னா?"

"இட்லிக்குள்ளதான் உளுந்து கீது. கிரானைட்டுக்குள்ளதான் குவார்ட்ஸு கீது. கல்லுன்றது ஒரு ஊடும்மா. குவார்ட்ஸு, காக்காப்பொன்னு, இதெல்லாம் அந்த ஊட்ல கீற ஆளுங்கோ."

என்னால் சும்மா இருக்க முடியுமா? முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். எழுந்து நின்றேன். "குவார்ட்ஸ் என்பது கனிமம். ஒரே பொருள், எங்கே எடுத்தாலும் அதே பொருள், அதே படிக அமைப்பு. கிரானைட் என்பது பாறை. பூமிக்கு அடியில் உருகிக் கிடந்த குழம்பு மெள்ள மெள்ள ஆறும்போது குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், காக்காப்பொன் எல்லாம் படிகமாகி ஒன்றோடொன்று இறுகிக்கொண்டது. நெருப்பில் பிறந்ததால் தீப்பாறை. மெள்ள ஆறியதால் மணிகள் பெரிசு, நம்ம கற்கண்டு மாதிரி. கடையில் குவார்ட்ஸ் பலகை என்று விற்கிறானே, அது குவார்ட்ஸை உடைத்துப் பிசின் விட்டு அச்சில் அழுத்தியது. அது கனிமமும் இல்லை, தீப்பாறையும் இல்லை."

"கறுப்புக் கிரானைட்?" என்றார் தட்சிணாமூர்த்தி.

"அது பேருக்குத்தான் கிரானைட். அசல் கறுப்பு வேறு தீப்பாறை. டோலரைட் என்று எழுதுவோம். அந்த வீட்டில் குடியிருக்கும் ஆட்களே வேறு. இரும்புச் சத்துள்ள கறுத்த கனிமங்கள். குவார்ட்ஸ் அங்கே கண்ணில் படாது."

"டீச்சரம்மா சொல்றதுதான்" என்றான் ஜெகதீசன். "எனக்குப் பேரு தெரியாது. கையிக்குத் தெரியும்."

தட்சிணாமூர்த்தி விடவில்லை. "அசல் கறுப்புக்கு என்ன உத்தரவாதம்? எழுதிக் கொடுப்பீங்களா?"

"எழுத்து இன்னா சார் எழுத்து. கல்லுக்கு நான் ஜவாப்பு. கல்லு பொய்யின்னா இந்தக் கேட்டுக்குள்ள என் காலு வராது."

அதுவரை அவன் யாராவது ஒரு காண்டிராக்டருக்குக் கீழேதான் வேலை பார்த்திருக்கிறான். சொந்தப் பெயரில் எடுத்த முதல் வேலை இது. பதினெட்டுச் சமையலறையும் முடிந்தால், பக்கத்துக் கட்டடம், அதற்குப் பக்கத்துக் கட்டடம் என்று அவன் பெயர் தானாகவே நடந்து போகும். அவனிடம் முதலீடு என்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அது அவனுக்கும் தெரியும், கூட்டத்தில் இருந்த எங்களுக்கும் தெரியும்.

இனி அசோக்.

அசோக், ஜெகதீசனின் மனைவி தாயம்மாளின் தம்பி. மாமியார் இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு இவர்கள் வீட்டுக்கு வந்தவன். ஜெகதீசன்தான் படிக்க வைத்தான். அம்மை போட்டபோது வேப்பிலை விசிறியதும் அவன்தான், பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றபோது அக்காளின் துடைப்பத்துக்கு முன்னால் குறுக்கே நின்றதும் அவன்தான். இப்போது அசோக் நெடுஞ்சாலையில் ஒரு கிரானைட் காட்சிக்கூடத்தில் விற்பனைப் பிரிவு. இஸ்திரிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. "என் மச்சான் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி உக்காந்துகினு கல்லு விக்கிறான்" என்று ஜெகதீசன் சொல்லும்போது, அவன் முகத்தைப் பார்த்தால் கல்லை அசோக்கே பெற்றெடுத்தான் என்று தோன்றும்.

பதினெட்டு வீட்டுக் கல்லையும் அசோக்கிடமே எடுப்பது என்று முடிவானது. பலகை பார்க்க ஜெகதீசன் கிளம்பியபோது நானும் ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன்.

காட்சிக்கூடத்தின் பின்பக்கத்து யார்டில் பலகைகள் சாய்ந்து நின்றன. குழாய் வைத்து அப்போதுதான் நனைத்திருந்தார்கள். எல்லாம் மழை நின்ற தார்ச்சாலை மாதிரி கறுகறுவென்று மின்னியது. அசோக் ஓடி வந்தான். "வா மாமா! டீச்சரம்மா, வணக்கம். மாமே, உனுக்காக நானே நின்னு பொறுக்கி வெச்சது. வெளிய காட்டவே இல்ல."

ஜெகதீசன் பலகையைக் கையால் தடவினான். ஓரத்தில் நகத்தால் தட்டினான். பிறகு பழக்கத்தில் கை இடுப்புக்குப் போனது. வெள்ளைத் துணி வெளியே வந்தது.

அசோக்கின் முகம் சுருங்கியது. உடனே ஒரு சிரிப்பு. "இன்னா மாமா இது? என்னாண்டயே தொடைச்சுப் பாக்கப் போறியா? நீ ஊட்டிவுட்ட வாயி மாமா இது!"

அங்கே நின்ற மற்ற விற்பனைப் பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். பலகை தூக்குகிற ஒருவர் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார். "வுடு அண்ணாத்தே! மச்சான் கல்லைத் தொடைச்சா மச்சான் மூஞ்சியத் தொடைச்ச மாரிதான்!"

அந்தத் தொழிலில் அது வெறும் கேலி இல்லை. சம்பந்தி கொடுத்த கல்லையும் மச்சான் கொடுத்த கல்லையும் துடைப்பதில்லை. துடைத்தால், உன்னை நான் திருடன் என்று நினைக்கிறேன் என்று சபையில் சொன்னதாகும். அதனால் உறவு முறிந்த வீடுகள் உண்டு. ஜெகதீசன் ஒரு கணம் நின்றான். அசோக்கைப் பார்த்தான், சிரித்த பையன்களைப் பார்த்தான். துணியை நாலாக மடித்து இடுப்பில் செருகினான்.

"யாருடா தொடைக்கப் போறது? வேர்க்குதுன்னு எடுத்தேன்" என்றான்.

அவன் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான். அதுவும் அசோக்கின் மானத்துக்காக.

"அறுத்து, ஓரம் மெருகு போட்டு, சிங்க் தொட்டிக்கு ஓட்டை போட்டு எல்லாம் இங்கயே மிஷின்ல முடிச்சு அனுப்பிடறேன் மாமா" என்றான் அசோக். "ஃபிளாட்டுக்காரங்களுக்குத் தூசி ஆவாது. நீ கொண்டுபோய் வெச்சு ஒட்டு, போதும்."

எவ்வளவு அக்கறை! எனக்கே மனசு குளிர்ந்துவிட்டது. ஜெகதீசன் கையால் ஒரு பலகையை அறுத்திருந்தால், உள்ளே சாம்பல் நிறம் எட்டிப் பார்த்திருக்கும். அறுக்கவே விடாமல் செய்ததில் இருந்த அக்கறையை அன்று நாங்கள் இரண்டு பேரும் மெச்சிக்கொண்டே வீடு திரும்பினோம்.

திங்கட்கிழமை நிவேதிதா வீட்டில் மேடை போட்டாயிற்று. பளபளவென்று முகம் பார்க்கலாம் போலிருந்தது. அவள் படமெடுத்துத் தன் அம்மாவுக்கு அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை எங்கள் வீடு. பதினொரு மணி இருக்கும். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். மேடையைப் பொருத்திவிட்டு நிமிர்ந்தவனிடம், குடிநீர் வடிகட்டிக் குழாய்க்கு ஓரமாக ஒரு ஓட்டை வேண்டும் என்றேன். அது அளவுக் குறிப்பில் இல்லாதது. சமையலறையில் நின்றபோது எனக்குத் தோன்றியது.

ஜெகதீசன் துளைக்கும் இயந்திரத்தை வைத்தான். நான் மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஓட்டையிலிருந்து சேறு வழிந்தது.

இயந்திரம் நின்றது.

"ஏன்பா?"

 விரலால் சேற்றைத் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தான். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக இருந்தது.

"அசல் கறுப்போட சேறு கருஞ்சாம்பலா வரணும்" என்றான், யாரிடமோ சொல்வது போல.

நான் போய் என் பழைய உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வந்தேன். ஓட்டையின் உள்சுவரில் வைத்துப் பார்த்தேன். நடுவில் வெளுத்த ஃபெல்ஸ்பார். அதன் ஓரங்களிலும் விரிசல்களிலும் சாயம் மை மாதிரி ஊறியிருந்தது. இடையிடையே உடைந்த கண்ணாடிச் சில்லு போல மணிகள். அவற்றில் சாயம் ஏறவே இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை. குவார்ட்ஸ். கண்ணாடியை அவனிடம் கொடுத்தேன்.

"ஜெகதீசா, இந்த வீட்டில் இந்த ஆளுக்கு என்ன வேலை?"

அவன் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அந்தத் துணியை எடுத்தான். தின்னரில் நனைத்து மேடையின் நடுவில், மெதுவாக, குழந்தையின் வாயைத் துடைப்பது போல ஒரு இழுப்பு இழுத்தான். துணியைத் திருப்பிப் பார்க்காமலே கையில் சுருட்டிக்கொண்டான். நான்தான் பார்த்தேன். அடுப்புக்கரி.

"அவன்கூடத் தெரியாம வாங்கியிருக்கலாம்" என்றேன்.

"தெரியாதா? எட்டு வருசம் என்கூட கல்லு தூக்குனவன் டீச்சரம்மா. தண்ணி அடிச்சு நனைச்சு வெச்சிருந்தானே, அப்பவே..."  கருவிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டான்.  "ஒரு ஒதவி பண்ணுங்க. சாயங்காலம் வரைக்கும் யாராண்டயும் சொல்லாதீங்க. நான் போயி அவனைப் பாக்குறேன். அவன் கையாலயே கல்லை எடுத்துகினு போவட்டும். அவனே வந்து தப்புன்னு சொல்லட்டும். அவனும் நிப்பான், நானும் நிப்பேன். வெளிய தெரிஞ்சுதுன்னு வைங்க, பயத்துல அவன் இன்னா பேசுவான்னு எனக்குத் தெரியாது. சின்னதுலருந்தே அப்படித்தான். பயந்தா அடுத்தவன் மேல கையக் காட்டிடுவான்."

"சரிப்பா, போய்ட்டு வா" என்றேன்.

அவன் மின்தூக்கியில் கீழே போனான்.

எப்படியோ செய்தி பரவிவிட்டது. எங்கள் கட்டடம் அப்படி. ஒரு வீட்டில் குக்கர் கூவினால், உள்ளே என்ன பருப்பு என்று மூன்றாம் மாடி வரைக்கும் தெரியும். ஜெகதீசன் தன் வண்டியை எடுப்பதற்குள் தட்சிணாமூர்த்தி கீழே வந்து வழியை மறித்துவிட்டார். நிவேதிதா, நகச்சாயம் அழிக்கும் திரவத்தில் நனைத்துத் தன் வீட்டு மேடையைத் துடைத்த வெள்ளைத் துண்டோடு வந்தாள். துண்டு கறுத்திருந்தது. இன்னும் ஐந்தாறு பேர். நானும் அவசரமாக இறங்கிப் போய்ச் சேர்ந்தேன்.

தட்சிணாமூர்த்தி காட்சிக்கூடத்துக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒலியைக் கூட்டிவைத்தார். அசோக்தான் எடுத்தான்.

"சாயம் போட்ட கல்லை அசல் கறுப்புன்னு அனுப்பியிருக்கீங்க. இங்கே பதினெட்டுக் குடும்பம் இருக்கு. போலீஸுக்குப் போகட்டுமா?"

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம். பிறகு வேகவேகமாக வந்தது. "சார், சார், நான் இன்னா சார் பண்றது? செலெக்ட் பண்ணது ஜெகதீசன் மாமா. எங்க யார்டுக்கு நேர்ல வந்தாரு. எங்க பசங்க எல்லாரும் சாட்சி. அவரு தொடைக்காம கல்லு எடுக்கவே மாட்டாரு, இந்த ஏரியாவுக்கே தெரியும். அவரு பேரே அதான் சார். தெரிஞ்சுதான் எடுத்தாரு. ஃபிளாட்டுக்காரங்களுக்கு இன்னா தெரியப் போவுதுன்னாரு."

ஜெகதீசன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். "அசோக்கு" என்று ஒரு தடவை கூப்பிட்டான். கோபமாக இல்லை, தூங்குகிறவனை எழுப்புவது போல. அசோக் போனைத் துண்டித்துவிட்டான்.

"சொல்லுங்க ஜெகதீசன்" என்றார் தட்சிணாமூர்த்தி. "துடைச்சீங்களா, இல்லையா?"

"தொடைக்கல சார்."

"ஊர் முழுக்க எல்லாருக்கும் துடைக்கிறவர், எங்களுக்கு மட்டும் துடைக்க மறந்துட்டீங்களா?"

அவனிடம் அதற்குப் பதில் இருந்தது. மச்சான் முகம் வாடக்கூடாது என்று துடைக்கவில்லை. அதைச் சொன்னால் தன் கையாலேயே அசோக்கைப் பிடித்துக் கொடுத்ததாகும். அவன் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷம் துணியால் துடைத்துத் துடைத்துச் சம்பாதித்த பெயர், அன்றைக்கு அவனுக்கு எதிராகவே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. திருடனாக இருந்தால் தப்பித்திருப்பான். யோக்கியன் என்று பெயர் எடுத்ததால் மாட்டிக்கொண்டான்.

நான் சொன்னேன். "அவன் துடைக்கவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். துணியை எடுத்தான், அசோக் கேலி பண்ணினான், மடித்துச் செருகிக்கொண்டான். என் கண்ணால் பார்த்தேன்."

முதல் மாடிக்காரர் ஒருவர் சிரித்தார். "டீச்சர், முதலைகூட உங்க கண்ணால பார்த்ததுதானே?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான் என் சாட்சிக்கு வந்த மரியாதை. ஜெகதீசன் மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தவன் மாதிரி இருந்தது. கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்று பிற்பகலே இரண்டு வீட்டு மேடைகளையும் அவனே பெயர்த்தான். யாரும் கேட்கவில்லை. ஒரு கீறல் இல்லாமல், சுவர் ஓடு ஒன்று உடையாமல், பொருத்தும்போது எத்தனை பக்குவமோ அத்தனை பக்குவமாகப் பெயர்த்தான். பழைய வெள்ளைப் பளிங்கைத் திரும்ப எடுத்து வைத்து, சமையலுக்கு இடைஞ்சல் இல்லாமல் செய்துவிட்டு வெளியே போனான். சொன்னபடி அதற்கப்புறம் எங்கள் கேட்டுக்குள் அவன் கால் வரவில்லை. மதுரவாயலில் இருந்து வேறு ஆட்கள் வந்து பதினெட்டு மேடையும் போட்டார்கள். கறுப்புதான். துடைத்துக் காட்டினார்கள். துணி வெள்ளையாகவே இருந்தது. எனக்கு அந்த மேடையில் சப்பாத்தி தேய்க்கவே பிடிக்கவில்லை.

ஜெகதீசன் இப்போது அம்பத்தூரில் ஒருவருடைய பட்டறையில் மெருகு போடுகிறான். பலகை தேர்ந்தெடுக்க அவனைக் கூட்டிப் போவதில்லை. நெடுஞ்சாலையில் அசோக் சொன்ன கதை அவனுக்கு முன்னாலேயே எல்லாக் கடைக்கும் போய்விட்டது. 'தொடைக்கிற ஜெகதீசன்' என்று இன்னமும் கூப்பிடுகிறார்கள். அர்த்தம்தான் வேறு. எல்லாம் தெரிந்தவன், தெரிந்தே செய்தவன்.

இதையெல்லாம் எழுதி முடித்ததும், அவனிடம் படித்துக் காட்டாமல் எங்கும் அனுப்பக்கூடாது என்று தோன்றியது. அவன் இங்கே வரமாட்டான். நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நெமிலிச்சேரிக்குப் போனேன்.

தாயம்மாள் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாங்க டீச்சரம்மா" என்றாள், எழுந்திருக்காமல். உள்ளே ஜெகதீசன் லுங்கியோடு உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். தம்பியைப் பற்றித் தாயம்மாளிடம் கேட்டேன்.

"எனுக்குத் தம்பியா?" என்றாள் அங்கிருந்தே. "ஆறு மாசமாச்சு வந்து. போன் பண்றான், 'அக்கா, மாமா பேசுவாரா'ன்னு. இவரு எந்திரிச்சுப் போயி வெளிய நின்னுக்கிறாரு. நடுவுல நான் இன்னாத்த சொல்றது? வளத்தது இவரு. இவரு திட்டுனா நானும் திட்டலாம். இவரு ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்றாரு."

"திட்டிட்டா முடிஞ்சுபூடும்" என்றான் ஜெகதீசன். 

நான் காகிதத்தை எடுத்துப் படித்தேன். அப்பா அரிவாளோடு நின்ற இடத்தில் தலையாட்டினான். முதலையில் சிரித்தான். இட்லி உளுந்துக்கு, "நான் அப்படியா சொன்னேன்?" என்று வெட்கப்பட்டான். யார்டில் துணியை மடித்த இடம் வந்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். தாயம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் வந்து சாய்ந்து நின்றாள். கடைசி வரைக்கும் இரண்டு பேரும் கேட்டார்கள்.

"நல்லாத்தான் கீது" என்றான் ஜெகதீசன். "படிக்கிறவங்களுக்கு நான் கெட்டவன் இல்லன்னு தெரியும். அதுக்கு ரொம்ப நன்றி டீச்சரம்மா."

"ஏதாவது தப்பாக இருக்கிறதா? சொல், திருத்திவிடுகிறேன்."

அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான்.

"ஒரு எடம் மட்டும். நான் லிஃப்ட்ல எறங்குனப்பறம், எப்படியோ செய்தி பரவிடுச்சுன்னு எழுதிக்கிறீங்க. எப்படியோ இல்ல டீச்சரம்மா. நான் கீழ வண்டியாண்ட வர்றதுக்குள்ள ஃபிளாட்டு வாட்ஸப் குரூப்ல போட்டோ வந்துடுச்சு. அந்த ஓட்டை, கண்ணாடி, என் கையில கீற கறுப்புத் துணி, எல்லாம். நிவேதிதாம்மாதான் காட்டுனாங்க. அடியில 'இன்றைய பாடம்: கனிமம் வேறு, பாறை வேறு'ன்னு எழுதியிருந்துது. மேல உங்க பேரு கீது."